கணினிக்குள் ஓர் ஆழ்துளை

1989-இல் அமெரிக்காவின் டிபிஎன் என்ற கிறித்தவத் தொலைக்காட்சி ஒரு 'செய்தி' சொன்னது. சைபீரியாவில் சோவியத் விஞ்ஞானிகள் 14 கிலோமீட்டருக்கும் மேல் துளை போட்டார்களாம். அடியில் என்ன கேட்கிறது என்று ஒலிவாங்கியை இறக்கினார்களாம். நரகத்தில் வேகும் ஆன்மாக்களின் ஓலம் பதிவானதாம். பின்னாளில் அந்த ஓலத்தின் ஒலித்துண்டு என்று ஒன்றும் உலா வந்தது. அத்தனையும் புளுகு. சோவியத் நாட்டின் உண்மையான அதி ஆழ்துளை சைபீரியாவில் இல்லை. நார்வே எல்லைக்கு அருகே கோலா தீபகற்பத்தில் இருந்தது. அதே 1989-இல் அது 12,262 மீட்டரை எட்டியது. அடியில் 100 டிகிரி வெப்பத்தை எதிர்பார்த்தவர்களை 180 டிகிரி வரவேற்றது. அதற்குக் கீழே போக முடியவில்லை. ஓலம் எதுவும் கேட்கவில்லை.

எண்ணெயும் எரிவாயுவும் தேடும் கிணறுகளில் யாரும் ஒலிவாங்கியை இறக்கிவிட்டுச் சும்மா காத்திருப்பதில்லை. நீண்ட உருளைக் கருவியின் ஒரு முனையில் ஒலியெழுப்பி, மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் உணரிகளுக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்று பதிவு செய்கிறார்கள். ஆனாலும் புரளிக்கும் நிஜத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு: துளைக்குள் பதிவாகும் ஒலியைத் தப்பாகப் புரிந்துகொள்வது மிகச் சுலபம். திரையில் நெளியும் கோட்டில் பாறையிலிருந்து வந்தது எது, சேற்றிலிருந்து வந்தது எது, கருவியின் இரும்பு வழியே ஓடிவந்தது எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. கணக்குப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும். அந்தக் கணக்கு வளர்ந்த வரலாற்றில் ஒரு வேடிக்கை: பல இடங்களில் கணக்கு முன்னால் போயிருக்கிறது, கருவி அதன் பின்னால் வந்திருக்கிறது.

கேபிளில் கருவியைக் கட்டி அடிவரை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே அளப்பதை எண்ணெய்த் துறையில் 'லாக்' எடுப்பது என்பார்கள். முதல் லாக் மின்சாரத்தால் எடுக்கப்பட்டது. 1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் அல்சாஸ் பகுதியில் பெஷல்ப்ரான் எண்ணெய் வயலில், ஷ்லம்பர்ஜர் சகோதரர்களின் குழு பாறைகளின் மின்தடையை ஆழம் ஆழமாக அளந்தது. ஒலி வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. மக்னோலியா பெட்ரோலியத்தின் சம்மர்ஸும் பிராடிங்கும், ஷெல் நிறுவனத்தின் வோகலும் 1952-இல் தத்தம் ஒலிக்கருவிகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு எண்தான். தரைமேல் வெடிவைத்து எடுக்கும் நிலஅதிர்வுப் படங்களில் அடுக்குகள் நேரக் கணக்கில் தெரியும். அதை ஆழமாக மாற்ற ஒவ்வொரு அடுக்கிலும் ஒலியின் வேகம் தெரிய வேண்டும்.

நான்கே ஆண்டில் அந்த எண்ணுக்கு இன்னொரு மவுசு வந்தது. வில்லி, கிரிகரி, கார்ட்னர் மூவரும் 1956-இல் ஓர் எளிய வாய்ப்பாட்டைத் தந்தார்கள். துளைகளே இல்லாத கெட்டி மணற்கல்லில் ஓர் அடியைக் கடக்க ஒலிக்கு 55.5 மைக்ரோ நொடி ஆகும். நீரில் அதே ஓர் அடிக்கு 189 மைக்ரோ நொடி. கிணற்றில் அளந்தபோது 82 மைக்ரோ நொடி வந்தால், பாறையின் கனஅளவில் ஏறத்தாழ 20% நுண்துளைகள் என்று கூட்டல் கழித்தலிலேயே சொல்லிவிடலாம். அந்த நுண்துளைகளில்தான் எண்ணெயோ நீரோ இருக்கும். கிணறு தேறுமா தேறாதா என்ற கேள்விக்கு ஒலி பாதி விடை சொல்லத் தொடங்கியது இப்படித்தான்.

இதில் பெரிய விரயம் ஒன்று இருந்தது. உணரியை முதலில் தொடும் அலை எப்போது வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, அதன் பின்னால் வந்த நீண்ட நெளிவுகளை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாததே காரணம்.

என்னதான் இருக்கிறது? எண்ணெய்க் கிணற்றில் மிகச் சாதாரணமான எட்டரை அங்குலத் துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். குறுக்களவு சுமார் 22 சென்டிமீட்டர். தமிழ்நாட்டில் வீட்டுக்குப் போடும் ஆறரை அங்குல போர்வெல்லைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்குள் களத்தில் 'மட்' என்றே சொல்லப்படும் சேற்று நீர் நிறைந்திருக்கிறது. அதில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,500 மீட்டர். சுற்றிலும் நெட்டலை 4,000 மீட்டர் வேகத்திலும் குறுக்கலை 2,400 மீட்டர் வேகத்திலும் ஓடும் மணற்கல். ஒலிமூலம் ஒரு முறை விம்முகிறது. அலை சேற்றைக் கடந்து சுவரில் மோதுகிறது; ஒரு பகுதி பாறைக்குள் வளைந்து புகுந்து, சுவரை ஒட்டியே ஓடுகிறது; ஓடும் வழியெல்லாம் சேற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கசிகிறது. மூன்று மீட்டருக்கு அப்பால் உள்ள உணரியில் முதலில் நெட்டலை தட்டும், சுமார் 0.75 மில்லி நொடியில், மெல்லிசாக. 1.25 மில்லி நொடியை ஒட்டிக் குறுக்கலை வரும், சற்றுப் பலமாக. அதன் வாலைப் பிடித்தபடி, சேற்றுக்குள் சுவருக்குச் சுவர் எதிரொலித்து உருவான அலைத்தொடர் ஒன்று வரும். எல்லாவற்றுக்கும் பின்னால் 2.2 மில்லி நொடி வாக்கில், துளை முழுவதையும் பிதுக்கிச் சுருக்கிக்கொண்டு, எல்லாவற்றையும்விடப் பலமாகக் குழாய் அலை வந்து சேரும். ஸ்டோன்லி அலை என்பது அதன் மறுபெயர். 1924-இல் இரு ஊடகங்களின் எல்லையில் ஓடும் அலைகளைக் கணக்கிட்ட ராபர்ட் ஸ்டோன்லியின் பெயர் அது.

இந்தக் கூட்டத்துக்கு முதலில் கணித முகவரி தந்தவர் மாரிஸ் பியோ. பெல்ஜியத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த இவர், ஒலிக்கருவிகள் வெளிவந்த அதே 1952-இல், நீர் நிறைந்த உருளைத் துளையில் எந்தெந்த அலைகள் ஓட முடியும், அதிர்வெண்ணுக்கு ஏற்ப அவற்றின் வேகம் எப்படி மாறும் என்று கணக்கிட்டார். ஆனால் எந்த அலை எவ்வளவு பலத்துடன் உணரிக்கு வரும், திரையில் கோடு எப்படி நெளியும் என்று தெரிய வேண்டுமானால் ஆயிரக்கணக்கான தொகையீடுகளைப் போட வேண்டும். காகிதத்தில் ஆகிற காரியம் இல்லை. 1968-இல் ஜே. ஈ. ஒயிட்டும் செக்மனும் கணினியில் அதைச் செய்தார்கள். 1979-இல் சாங், ரேடர். 1981-இல் எம்ஐடியில் செங், டோக்சோஸ். கணினி வரைந்த நெளிகோட்டையும் கிணற்றிலிருந்து வந்த நெளிகோட்டையும் அடுத்தடுத்து வைத்தபோது, இதுவரை குப்பை என்று ஒதுக்கிய வாலில் குறுக்கலையும் குழாய் அலையும் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மாறாத ஒரே பாறை, கச்சிதமான வட்டத் துளை என்று எடுத்துக்கொண்டால் இந்த முறை இன்றைக்கும் அருமையாக வேலை செய்கிறது.

குறுக்கலைக்கு ஏன் இந்த அலைச்சல் என்று கேட்கலாம். நெட்டலை பாறையை அமுக்கி ஓடுவது. நீரிலும் ஓடும், வாயுவிலும் ஓடும். குறுக்கலை பாறையைப் பக்கவாட்டில் திருகி ஓடுவது. பாறையின் எலும்புக்கூட்டில் மட்டுமே ஓடும். நுண்துளைகளில் நீருக்குப் பதில் எரிவாயு இருந்தால் நெட்டலையின் வேகம் சட்டென்று விழும், குறுக்கலையின் வேகம் அநேகமாக அசையாது. ஆகவே இரண்டும் தெரிந்தால் வாயுவைக் கண்டுபிடிக்கலாம். பாறை எவ்வளவு விறைப்பு, எந்த அழுத்தத்தில் பிளக்கும், கிணற்றுச் சுவர் சரியுமா, எண்ணெயோடு மணலும் வருமா என்ற கேள்விகளுக்கும் குறுக்கலை வேகம் இல்லாமல் பதில் இல்லை.

இந்தக் கேள்விகள் உயிர்க் கேள்விகளாக இருப்பது மென்மையான பாறையில். அங்கேதான் குறுக்கலை கைவிரித்தது.

காரணம் ஒளிவிலகலுக்குப் பள்ளியில் படித்த அதே ஸ்னெல் விதி. சேற்றிலிருந்து பாறைக்குள் போகும் அலை சுவரை ஒட்டி வளைந்து ஓட வேண்டுமானால், பாறையில் அதன் வேகம் சேற்றில் உள்ள வேகத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். கடலடி வண்டல்கள், இளம் களிமண் பாறைகள் போன்றவற்றில் குறுக்கலை நொடிக்கு 1,500 மீட்டரைக்கூட எட்டுவதில்லை. அப்போது அது சுவரை ஒட்டி ஓடாமல் பாறைக்குள் விலகிப் போய்விடும், துளைக்குத் திரும்பாது. ஒலியை எவ்வளவு கூட்டினாலும், உணரியை எவ்வளவு கூர்மையாக்கினாலும் பயனில்லை. திரும்பி வராத அலையை எந்தக் கருவியும் கேட்காது.

இதற்கு மருந்து ஒலிமூலத்தின் வடிவத்தில் இருந்தது. பழைய ஒலிமூலம் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி விம்மித் தணியும். இதை ஒருமுனை மூலம் எனலாம். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் இழுக்கும் இருமுனை மூலத்தை வைத்தால் துளையின் சுவர் முழுவதும் பக்கவாட்டில் அசைகிறது. துளை நெடுகிலும் ஒரு வளைவு அலை ஓடுகிறது. அதிர்வெண்ணைக் குறைக்கக் குறைக்க இந்த வளைவு அலையின் வேகம் பாறையின் குறுக்கலை வேகத்தை நெருங்கும். பாறை எவ்வளவு மென்மையாக இருந்தாலும் இது மாறாது. ஒயிட் 1967-லேயே இப்படியொரு கருவியை முன்மொழிந்து 'ஹூலா லாக்' என்று பெயரும் வைத்துவிட்டார். ஜப்பானில் கிட்சுனேசாகி 1980-இல் இதே வழியில் மென்மண்ணை அளந்து காட்டினார். நிலநடுக்கத்தில் கட்டடத்தின் அடிநிலம் எப்படி ஆடும் என்று கணிக்கும் பொறியாளர்கள் அந்த முறையை உடனே பிடித்துக்கொண்டார்கள். எண்ணெய்க் கிணறுகளில் இருமுனைக் கருவிகள் பரவலாக இறங்கியது 1990-ஐ ஒட்டித்தான். இடைப்பட்ட காலத்தில் கர்க்ஜியனும் சாங்கும் 1986-இல், ஷ்மிட் 1988-இல் என்று ஒருவர் பின் ஒருவராகக் கணினியில் வளைவு அலையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தார்கள்.

அந்தப் பிரித்தல் வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. குறுக்கலை நொடிக்கு 700 மீட்டர் ஓடும் வண்டலில் 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பினால் அலைநீளம் 23 சென்டிமீட்டர். ஏறக்குறைய துளையின் அகலம். அந்த அளவில் வளைவு அலை குறுக்கலையைவிட மெதுவாக ஓடும். அளந்த எண்ணை அப்படியே குறுக்கலை வேகம் என்று எழுதினால் பாறை உள்ளதைவிடப் பலவீனமாகத் தெரியும். 1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் அலைநீளம் 70 சென்டிமீட்டர் ஆகும். வேகம் சரியாக வரும், ஆனால் ஒலியின் பலம் குறையும். எந்த அதிர்வெண்ணில் கருவியைக் கட்டுவது, அதில் கிடைக்கும் எண்ணில் எவ்வளவு திருத்தம் செய்வது என்ற இரண்டையும் சொன்னது இந்தக் கணினிக் கணக்கு, அதாவது சிமுலேஷன்தான்.

வட்டமான துளை, மாறாத பாறை என்ற எடுகோள் நிஜக் கிணற்றில் நிலைப்பதில்லை. களிமண் அடுக்கில் சுவர் சரிந்து துளை அகன்றிருக்கும். அடுக்குகள் சாய்ந்திருக்கும். சுவரில் சேறு கெட்டிப்பட்டு ஒட்டியிருக்கும். கருவி நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்துகிடக்கும். இதற்கெல்லாம் வாய்ப்பாடு கிடையாது. பாறையையும் சேற்றையும் கருவியையும் சிறு சிறு கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் நியூட்டன் விதியையும் ஹூக் விதியையும் நொடியின் துணுக்குத் துணுக்காக நகர்த்திக்கொண்டு போவதுதான் வழக்கமான வழி. ஃபைனைட் டிஃபரன்ஸ் முறை என்று பெயர். ஸ்டீஃபன், கார்டோ-காசாஸ், செங் மூவரும் 1985-இல் ஆழ்துளை ஒலிக்கு இதைக் கொண்டுவந்தார்கள்.

மறு ஆண்டே பிரான்சின் ழான் விரியோ நிலஅதிர்வு அலைகளுக்கென்று வெளியிட்ட கட்ட அமைப்பு இந்தத் துறையையும் ஆட்கொண்டது. வாசலில் இடைப்புள்ளிக் கோலம் போட்டவர்களுக்கு அது உடனே பிடிபடும். ஒரு வரிசையின் புள்ளிகளுக்கு நேராக அடுத்த வரிசைப் புள்ளியை வைக்காமல் இடுக்கில் வைப்போம் அல்லவா? விரியோவின் முறையில் பாறைத் துகளின் வேகம் ஒரு தொகுதிப் புள்ளிகளிலும், அதன்மீதான தகைவு இடுக்கில் உள்ள புள்ளிகளிலும் இருக்கும். வேகத்திலிருந்து தகைவு, தகைவிலிருந்து வேகம் என்று மாறி மாறிக் கணக்கு முன்னேறும். இந்தச் சிறு இடமாற்றத்தால், முன்பு பாறையும் திரவமும் சந்திக்கும் இடங்களில் தடுமாறிய கணக்கு நிலையாக ஓடத் தொடங்கியது. ஆழ்துளை முழுவதுமே அப்படியொரு சந்திப்பு என்பதால் இங்கே அதன் அருமை அதிகம்.

கணக்கின் பளுவைக் கொஞ்சம் பார்க்கலாம். ஒரு மீட்டர் நீள அகலம், ஐந்து மீட்டர் உயரமுள்ள பாறைத் தூணை 5 மில்லிமீட்டர் கட்டங்களாக நறுக்கினால் நான்கு கோடிக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று திசை வேகம், ஆறு தகைவு என ஒன்பது எண்கள். காலத்தை நினைத்தபடி பெரிய எட்டாக வைக்க முடியாது. ஓர் எட்டுக்குள் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிட்டால் எண்கள் வெடித்து முடிவிலிக்குப் பறக்கும். கூரன்ட், ஃபிரீட்ரிக்ஸ், லெவி மூவரும் 1928-லேயே, கணினி பிறக்கும் முன்பே, இந்த வரம்பைச் சொல்லிவிட்டார்கள். எஃகில் ஒலியின் வேகத்தைக் கணக்கில் எடுத்தால் ஓர் எட்டு அரை மைக்ரோ நொடிக்கு மேல் போகக்கூடாது. ஐந்து மில்லி நொடிப் பதிவுக்குப் பத்தாயிரம் எட்டுகள். ஆக, கட்டங்களை 40,000 கோடி முறை புதுப்பிக்க வேண்டும். கருவி நிற்கும் ஒரே ஒரு இடத்துக்கு இவ்வளவு. கருவி மேலேறி வர வர இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இன்னொரு தலைவலி ஓரங்கள். உண்மையான பாறை முடிவில்லாமல் விரிகிறது. கணினியின் பாறை ஒரு மீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த ஓரத்தில் மோதும் அலை திரும்பி வந்து, இல்லாத ஒரு பாறை அடுக்கைப் பதிவில் காட்டிவிடும். 1994-இல் பெராங்ஷே என்ற பிரெஞ்சு ஆய்வாளர் மின்காந்த அலைகளுக்கென்று ஓர் உறிஞ்சும் ஓரத்தை வகுத்தார்: எந்தக் கோணத்தில் வந்தாலும் எதிரொலிக்காமல் அலையைத் தின்றுவிடும் செயற்கை அடுக்கு. இரண்டே ஆண்டில் சூவும் லியூவும் அதைப் பாறை அலைகளுக்கும் பொருத்தினார்கள். இன்று அது இல்லாத மென்பொருளே இல்லை எனலாம்.

கணினி சொல்வதை எப்படி நம்புவது என்ற கேள்வியை ஆய்வகத்தில் அக்ரிலிக் கட்டை ஒன்றே தீர்த்துவைக்கிறது. அக்ரிலிக்கில் குறுக்கலை நொடிக்கு ஏறக்குறைய 1,300 மீட்டர். நீரில் ஒலியைவிடக் குறைவு. நடுவே துளையிட்டுத் தொட்டியில் மூழ்கவைத்தால் மென்பாறைக்குச் சரியான பதிலாள். துளையை எத்தனை மடங்கு சிறிதாக்குகிறோமோ அத்தனை மடங்கு அதிர்வெண்ணைக் கூட்டினால் போதும். அலைக்கு வேறுபாடு தெரியாது.

கணக்கு முன்னால் ஓடிய இடங்களில் மிக அழகானது 2000-களில் நடந்தது. ஆழ்கடலில் ஒரு நாள் துளையிடும் செலவு கொள்ளை கொள்ளும். துளைபோட்டு முடித்து, குழாய்களை எல்லாம் வெளியே எடுத்து, பிறகு கருவியை இறக்குவதைவிடத் துளையிடும்போதே அளந்துவிட்டால் என்ன? அதற்குக் கருவியைத் துளைக்கும் தண்டிலேயே பொதிய வேண்டும். எட்டரை அங்குலத் துளையில் ஆறேமுக்கால் அங்குல எஃகு உருளை. துளையின் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 63 சதவீதத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். ஒலிமூலம் அதிர்ந்தால் பாறையைவிட முந்திக்கொண்டு எஃகு அதிரும். கேபிள் கருவியில் வெற்றிபெற்ற இருமுனை முறை இங்கே படுத்துவிட்டது: எஃகுத் தண்டின் வளைவு அலையும் துளையின் வளைவு அலையும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அளந்த வேகம் பாறைக்கும் சொந்தமில்லை, எஃகுக்கும் சொந்தமில்லை.

2002-இல் சியாமிங் டாங்கும் சகாக்களும் நான்குமுனை மூலத்தை முன்வைத்தார்கள். எதிரெதிர் பக்கங்கள் இரண்டு வெளியே தள்ள, மற்ற இரண்டு உள்ளே இழுக்கும். துளை மாறி மாறி நீள்வட்டமாகும். கெட்டியான எஃகு உருளை அவ்வளவு லேசில் நீள்வட்டமாகாது. ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குக் கீழே அந்த வடிவத்தில் அதனுள் அலையே ஓட முடியாது. எஃகு வாயடைத்துப்போகும் அந்த அதிர்வெண்களில் பாறை மட்டும் பேசும். அலை பாறையின் குறுக்கலை வேகத்தில் வந்து சேரும். இந்த வேறுபாடு முதலில் வேகத்துக்கும் அதிர்வெண்ணுக்கும் இடையே கணினி வரைந்த வளைகோடுகளில்தான் பளிச்சென்று தெரிந்தது. கிணற்றில் தற்செயலாகத் தடுக்கி விழுந்த கண்டுபிடிப்பாக இருந்திருந்தால், எத்தனை முறை தண்டைக் கடைந்து, எத்தனை கிணறுகளில் இறக்கிப் பார்த்திருக்க வேண்டும்?

அதே ரகத்தில் இன்னொன்று. பூமிக்குள் எல்லாத் திசையிலும் அழுத்தம் ஒரே அளவில் இருப்பதில்லை. துளை போட்டதும் அந்த அழுத்தம் சுவரைச் சுற்றித் திரண்டு, தொலைவில் எந்தத் திசையில் அதிகம், எதில் குறைவு என்றிருந்த வரிசையையே தலைகீழாக்கிவிடும். 1996-இல் பிகாஷ் சின்ஹாவும் கோஸ்டெக்கும் கணக்கிட்டுப் பார்த்தபோது ஒரு விசித்திரம் வந்தது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு திசைகளில் எடுத்த வளைவு அலைகளின் வேகக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. குறைந்த அதிர்வெண் பாறைக்குள் ஆழமாகப் பார்க்கும், அதிக அதிர்வெண் சுவரை ஒட்டி மட்டுமே பார்க்கும் என்பதால் வந்த வினை இது. பாறை இயல்பிலேயே அடுக்கடுக்காக இருந்து திசைக்குத் திசை வேகம் மாறினால் கோடுகள் வெட்டிக்கொள்ளாது. ஆகவே கோடுகள் வெட்டுகிறதா என்று பார்த்தால் போதும்: காரணம் அழுத்தமா, பாறையின் பிறவிக் குணமா என்று பிரித்துவிடலாம். 1998-இல் விங்க்லர், சின்ஹா, புளோனா மூவரும் பெரியா என்ற வகை மணற்கல் பாளத்தை அழுத்தத்துக்கு உட்படுத்தி அளந்தார்கள். கோடுகள் வெட்டிக்கொண்டன.

அந்த புளோனா இதற்கு முன்பே இப்படியொரு வேலை பார்த்தவர். நுண்துளைப் பாறையில் மிக மெதுவான இரண்டாவது நெட்டலை ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று பியோ 1956-இல் எழுதிவைத்தார். 24 ஆண்டுகள் யாரும் அதைப் பார்க்கவில்லை. 1980-இல் கண்ணாடி மணிகளைச் சூடாக்கி ஒட்டிய கட்டையில் அதைப் பிடித்துக் காட்டியவர் இவர்தான்.

எண்ணெய்க் கிணற்றில் ஒலிக்கு வேறொரு காவல் வேலையும் உண்டு. துளைக்குள் எஃகுக் கேசிங் குழாயை இறக்கி, குழாய்க்கும் பாறைக்கும் இடையே சிமென்ட் ஊற்றுவார்கள். சிமென்ட் நன்றாகப் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? பிடிக்காத குழாய் கணீரென்று ஒலிக்கும். பிடித்த குழாய் மந்தமாக ஒலிக்கும். 1960-களின் தொடக்கத்திலிருந்து நடக்கும் சோதனை இது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் மகாண்டோ கிணற்றில் இந்தச் சோதனைக்காக வந்திருந்த குழு, சோதனை வேண்டாம் என்று முடிவாகி, காலையிலேயே திருப்பி அனுப்பப்பட்டது. அன்றிரவு டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்து 11 பேர் இறந்தார்கள். சோதித்திருந்தால் விபத்து நின்றிருக்குமா என்பதில் வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

சோதனை செய்தாலும் அதைப் படிப்பது எளிதல்ல என்பதும் உண்மை. கருவி நடுவிலிருந்து கால் அங்குலம் விலகினாலே, வெவ்வேறு பக்கங்களிலிருந்து வரும் அலைகள் ஒன்றையொன்று தின்று, ஒலியின் வீச்சு பாதியாகச் சரியக்கூடும். பிடிக்காத சிமென்ட் பிடித்தது போலத் தெரியும். சுண்ணாம்புப் பாறையில் இதற்கு நேர்மாறு. எஃகுக் குழாயில் ஓர் அடிக்கு 57 மைக்ரோ நொடி. கெட்டிச் சுண்ணாம்பில் 47.6. குழாயின் ஒலியை முந்திக்கொண்டு பாறையின் ஒலி வந்துவிடுவதால், நல்ல சிமென்ட் கெட்டதாகத் தெரியும். இந்தப் பொறிகள் ஒவ்வொன்றையும் கணினியில் வேண்டுமென்றே அமைத்துப் பார்க்கலாம்: கருவியைச் சாய்க்கலாம், சிமென்ட்டில் மயிரிழை இடைவெளி விடலாம், ஒரு பக்கம் மட்டும் சேற்றை நிரப்பலாம். உண்மைக் கிணற்றில் இதையெல்லாம் யார் அனுமதிப்பார்கள்?

நம் கடலோரத்துக்கு வருவோம். 2006-இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் கப்பல் இந்திய அரசின் எரிவாயு ஹைட்ரேட் திட்டத்துக்காக வங்கக் கடலில் துளையிட்டது. ஆந்திரக் கரைக்கு அப்பால் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் 10-ஆம் எண் தளத்தில், கடலடியிலிருந்து சுமார் 25 முதல் 160 மீட்டர் வரை, மீத்தேனைப் பனிக்கட்டிக்குள் பூட்டிவைத்த ஹைட்ரேட் அபாரமாகக் கிடைத்தது. எவ்வளவு? மின்தடை லாக்கை வழக்கமான வாய்ப்பாட்டில் போட்டால் நுண்துளைகளில் 80% வரை ஹைட்ரேட் என்று வந்தது. பக்கத்துத் துளைகளிலிருந்து அழுத்தம் குறையாமல் எடுத்துவந்த மாதிரிகளோ 26 சதவீதத்தைத் தாண்டவில்லை. கோளாறு கருவியில் இல்லை. ஹைட்ரேட் சீராகப் பரவாமல், களிமண்ணில் செங்குத்தான பிளவுகளில் படிந்திருந்தது. எல்லாத் திசையிலும் பாறை ஒன்றே என்ற எடுகோள்தான் கவிழ்த்துவிட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் லீயும் காலெட்டும் பிளவுகளைக் கணக்கில் சேர்த்து, கேபிள் கருவி தந்த நெட்டலை, குறுக்கலை வேகங்களையும் வைத்துக் கணக்கைத் திரும்பப் போட்டபோது வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது. முழுவதும் மறையவில்லை. அந்த மாதிரிக் கடலடிச் சேற்றில் குறுக்கலை வேகத்தை இருமுனைக் கருவி இல்லாமல் அளந்திருக்கவே முடியாது.

இதே எச்சரிக்கை சிமுலேஷனுக்கும் பொருந்தும். இப்போது கணினி உற்பத்தி செய்த லட்சக்கணக்கான செயற்கை நெளிகோடுகளைக் கொடுத்துச் செயற்கை நுண்ணறிவைப் பழக்குகிறார்கள். வேகமாக விடை வருகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் பழக்கிய கோடுகள் எல்லாம் வட்டத் துளையிலிருந்தும் நடுவில் நின்ற கருவியிலிருந்தும் வந்தவை என்றால், சரிந்த சுவரைப் பார்த்ததும் அந்த நுண்ணறிவு தயங்காமல் தப்பாகச் சொல்லும். கலர் கலராக அலை பரவும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதில் எதை விட்டுவிட்டார்கள் என்று கேட்டுவிட்டு ரசிப்பது நல்லது.

கணினி ஆழ்துளை போட இன்றைக்கு எண்ணெய் நிறுவனத்தின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. துளை வட்டமானது என்று வைத்துக்கொண்டால் மூன்று பரிமாணம் தேவையில்லை. ஆரமும் ஆழமும் போதும். கட்டங்களின் எண்ணிக்கை கோடிகளிலிருந்து லட்சங்களுக்கு இறங்கிவிடும். சாதாரண மடிக்கணினியே தாங்கும். பைத்தான் தெரிந்த இயற்பியல் மாணவர் விரியோவின் முறையில் சில நூறு வரிகளில் எழுதிவிடலாம். முதலில் கெட்டி மணற்கல்லுக்கு ஓட்டிப் பாருங்கள்; மூன்று அலைகளும் வரிசையாக வரும். பிறகு வேறு எதையும் தொடாமல் பாறையின் குறுக்கலை வேகத்தை மட்டும் 1,500 மீட்டருக்குக் கீழே இறக்கி மறுபடி ஓட்டுங்கள். நடுவில் வந்த அலை இருக்காது.